ஆற்றைப் பார்த்தால் அடங்கிவிடுவார்

டிரைவர் கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சும்மா பெரிதாக்கிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். மூன்றாவது தெரு சலூன்காரரே ஒரு நாள் படியேறி வந்து, "தையலக்கா, காலைல அண்ணன் யாரையோ 'ஒதுங்குடா'ன்னாரே, நான் கத்தியோட ஒதுங்கிட்டேன். கஸ்டமர் காதுல ஒரு கோடு விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கென்ன, சிரிப்பார். கூடவே குடித்தனம் பண்ணுகிறவளுக்கல்லவா தெரியும்.

மனிதர் காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டியவர். நல்லா இருந்த காலத்திலேயே ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார் என்று பேர். ஒரு நாள் டிப்போவில் எண்ணெய் சிந்திக் கிடந்த தரையில் வழுக்கி, பஸ்ஸின் இரும்புப் படியில் பின்னந்தலை மோத விழுந்தார். ஆபரேஷன் பண்ணிப் பிழைக்க வைத்தார்கள். கை கால் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. புத்தி மட்டும் வீடு திரும்பவில்லை. அது இன்னமும் எங்கேயோ நடுரோட்டில் பஸ்ஸோடு நின்றுகொண்டிருக்கிறது. கண் விழித்ததிலிருந்து வண்டி ஓட்டம்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடி இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார், குறுக்கே வருகிற டூவீலர்காரனின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார். கட்டின பெண்டாட்டியைக் 'கண்டக்டர்' என்பார். "கண்டக்டர், பின்னாடி ஏறிட்டாங்களா பாரு." அவளும் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "ஏறிட்டாங்க, ரைட்" என்பாள். ரைட் சொல்லாவிட்டால் வண்டியை எடுக்கமாட்டார். வண்டியை எடுக்காவிட்டால் சாப்பிடமாட்டார்.

முதல் வருஷம் முழுக்க அழுதாள். அப்புறம் கண்டக்டர் வேலை பழகிவிட்டது.

வாடகை வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம், மாடியில் இவர்களுக்கு இரண்டு அறை. முன்னறைதான் தையல் கடை. ஜன்னலோரம் மெஷின், சுவரோரம் வெட்டுமேஜை, மேஜைக்குக் கீழே துணி மூட்டைகள், நடுவில் டிரைவரின் நாற்காலி. தைக்கிறவளுக்கு ஊசியை விட்டுக் கண் நகரக் கூடாது. நகர்ந்தால் விரல் போகும், இல்லை தையல் கோடு போகும். விரல் என்றால் ஆறிவிடும், கோடு போனால் கஸ்டமர் போய்விடுவார். அதனால் அவள் புருஷனைக் காதால் பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தாள். நாற்காலி கிறீச்சென்றால் எழுந்திருக்கப் போகிறார். செருமினால் தண்ணீர் கேட்கப் போகிறார். பல்லை நறநறவென்று கடித்தால் அடுத்த மூச்சில் கத்தப் போகிறார். அதற்குள் இவள் முந்திக்கொண்டு, "சிக்னல் விழுந்துடுச்சு, நில்லுங்க" என்று ஒரு அணை போடுவாள். பாதி நாள் அணை நிற்கும். பாதி நாள் உடைந்துவிடும்.

சத்தம் வந்தால் வேலை, வராவிட்டால் நிம்மதி, இவ்வளவுதான் அவள் வைத்திருந்த கணக்கு. துணி கொடுக்க வரும் பெண்கள், "திரும்பியே பாக்காம எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?" என்று வாயைப் பிளப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

இந்தக் காதுப் பழக்கம் விபத்துக்கு அப்புறம் வந்தது என்றும் சொல்ல முடியாது. அவர் பஸ் ஓட்டிய நாளில் வீட்டுப் பக்கத்து ரோடு வழியாகப் போகும் ஒவ்வொரு நடைக்கும் தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். ஏறியிருக்கிற ஜனம் எதற்கு அடிக்கிறான் என்று எரிச்சல்படும். இவள் மெஷினில் குனிந்தபடியே சிரித்துக்கொள்வாள். மனிதர் நல்லபடியாக இருக்கிறார், உலை வைக்கலாம் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேட்டுக் கேட்டே வாழ்ந்தவள் அவள். பார்த்து வாழ எங்கே நேரம் இருந்தது?

ஆறு இவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு விதத்தில் ரோடு ரிப்பேரால்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவரோ குழியைப் பார்த்து, தோண்டியவனைப் பார்த்து, தோண்டச் சொன்னவனை நினைத்து வானம் இடியக் கத்திக்கொண்டிருந்தார். ஜனம் வேடிக்கை பார்த்தது. அவமானம் தாங்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் திரும்பினாள். பத்தடி வைத்திருப்பார்கள், பேச்சு நின்றுவிட்டது. அவளுக்கே முதலில் பயமாகிவிட்டது. அவர் கரைச்சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றார். ஊருக்கு நடுவில் பாலம் பாலமாக நுழைந்து போகிற அகலமான பழுப்பு ஆறு, அவசரமே கிடையாது அதற்கு. நெடுநேரம் பார்த்துவிட்டு, "குறுக்க ஒருத்தனும் வரல, பாத்தியா?" என்றார். அதைக் கத்தாமல், பழைய குரலில், வீட்டு மனிதர் மாதிரிச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆறு. சுவரை ஒட்டி ஒரு கல்பெஞ்சு. அவர் ஒரு ஓரம், சுவர்மேல் கை. இவள் மறு ஓரம், வெளிச்சம் துணிமேல் விழுகிற மாதிரி கொஞ்சம் முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து, பட்டன், காஜா, அடிமடிப்பு என்று கைத்தையல் எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்வாள். அங்கேயும் காதுதான். முதலில் கொஞ்சம் முணுமுணுப்பார். அப்புறம் ஆறு அவரை வாங்கிக்கொள்ளும். கடைசியில் குரல் மெல்ல ஏறும், "கண்டக்டர், டைம் ஆச்சு" என்பார். உடனே துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஆற்றாலும் பிடித்து வைக்க முடியாது. அந்த 'டைம் ஆச்சு' வரும்வரை அவள் மகாராணி. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் மீதி நேரத்தைத் தாங்கினாள் என்றுகூடச் சொல்லலாம்.

அன்றைக்குக் காலையிலேயே விடிந்த விடியல் சரியில்லை. வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"நான் கெட்டவன் இல்லம்மா. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லிருக்கேனா?"

நூறு வார்த்தை சொல்லியிருந்தார், அது வேறு விஷயம்.

"கீழ என் பொண்ணு கைக்குழந்தையோட இருக்கா. இவர் கத்தற கத்துல அது தூக்கத்துலயே தூக்கிப் போடுது. நேத்து ராத்திரி பூரா அழுது அழுது நீலம் பாரிச்சுப் போச்சு. நாங்களும் மனுஷங்கதானே?"

"நான் பாத்துக்கறேன் சார். மாத்திரை மாத்திக் குடுத்திருக்காங்க."

"அதையேதான் போன மாசமும் சொன்னீங்க. இனிமே ஒரு தடவை அப்படிக் கத்தட்டும், நான் பேச வரமாட்டேன். சாமானை எடுத்துக் கீழ வெச்சிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து நாற்காலியிலிருந்து, "யாருய்யா அது படிக்கட்டுல தொங்கறது? ஏறுனா ஏறு, இல்ல இறங்கித் தொலை" என்று ஒரு அதட்டல். கீழே குழந்தை வீலென்றது. வீட்டுக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டைவிட்டு இறக்கினால் எங்கே போவாள்? இப்படி ஒரு ஆளோடு யார் வீடு கொடுப்பார்கள்? கஸ்டமரெல்லாம் இந்தத் தெருவை நம்பி. வீடு போனால் கடை போச்சு, கடை போனால் அவரை, இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் விடுவதைத் தவிர வழியே இல்லை. அந்த இல்லத்தைப் பற்றிக் கொழுந்தன் ஆறு மாதமாக ஓதிக்கொண்டிருந்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், நல்ல பிள்ளைதான், அண்ணன்மேல் உயிர். வீட்டுக்காரர் போனதும் அவனுக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணி, நான் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். ஆத்தோரமா அந்த இல்லம் இருக்கே, நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு. அண்ணனுக்குப் பிடிச்ச மாதிரி ஜன்னலைத் திறந்தா ஆறு."

"தம்பி, உங்க அண்ணனைக் கொண்டுபோய்த் தள்ளறதுக்கு முன்னாடி என்னைக் கொண்டுபோய்க் கொளுத்திடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

"ஏன் அண்ணி இப்படிப் பேசறீங்க? நீங்க பாதியா இளைச்சிட்டீங்களேன்னுதான்."

"நான் இளைச்சா எனக்கு. அங்க அவர் கண்டக்டர்னு கூப்பிட்டா யார் ரைட் சொல்லுவா?"

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சாப்பாட்டைச் சீக்கிரம் போட்டு, வழக்கத்தைவிட முன்னதாகவே அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள். ஒரு பெரிய ஹோட்டலின் சமையல்கட்டு ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டு, மார்பில் இரண்டு வரிசைப் பட்டன். அத்தனையும் அந்த வாரம் கொடுத்தாக வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் யாரையோ விரட்டிக்கொண்டே வந்தார். கரைச்சுவர் வந்ததும் கையை வைத்தார். அடங்கிவிட்டார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முதல் கோட்டை மடியில் விரித்து, ஊசியில் நூல் கோத்து, பட்டனை வைத்துக் குத்த ஆரம்பித்தாள். வாய் சும்மா இருக்குமா? ஆற்றங்கரையில் அவரிடம் பேசுவது அவளுக்கு வழக்கம். காலையில் வீட்டுக்காரர் சொன்னது, கொழுந்தன் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் இடையில் ஏதோ முணுமுணுத்தார். பாலத்தின்மேல் வண்டிகள் போகிற சத்தம் தூரத்தில் தண்ணீரோடு சேர்ந்து ஒரே இரைச்சலாக வந்தது. காற்று நன்றாக இருந்தது.

இரண்டாவது கோட்டின் மேல்வரிசைப் பட்டன் ஓடிக்கொண்டிருந்தபோது, "கண்டக்டர், கால் மரத்துப் போச்சு" என்றார்.

"ஒரே மாதிரி உக்காந்தா மரக்காதா? நீட்டி உக்காருங்க" என்றாள். திரும்பவில்லை. பட்டன் அடியில் நூல் சுற்றுகிற நேரம் அது, விட்டால் தொளதொளவென்று ஆகிவிடும்.

அவர் காலை நீட்டினாரா என்று அவளுக்குத் தெரியாது. சத்தம் ஒன்றும் வரவில்லை. சத்தம் வராவிட்டால் நிம்மதி.

மூன்றாவது கோட்டை எடுத்தாள். அதையும் முடித்தாள். 'டைம் ஆச்சு' வரவில்லை. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தோஷமாக மாறியது. புது மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறதே என்று நினைத்தாள். இப்படியே இருந்துவிட்டால் வீட்டுக்காரர் வாயை மூடிக்கொள்வார், குழந்தை தூங்கும், கொழுந்தனும் இல்லத்துப் பேச்சை விடுவான். "இன்னைக்கு என்ன, நல்ல பிள்ளையா இருக்கீங்க?" என்று கொஞ்சினாள். "இப்படியே இருங்க சாமி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்." நான்காவது கோட்டைத் தைத்துக்கொண்டே கல்யாணமான புதிதில் ஒரு நாள் டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வழி தவறிய கதையைச் சொன்னாள். அவளே சொல்லி அவளே சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவள் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

தினமும் அந்தப் பாதையில் நடை போகிற ரிட்டையர்டு வாத்தியார் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். முன்னொரு நாள் டிரைவரிடம், "கிழவா, பிளாட்பாரத்துல ஏறு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

"சார் இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்காரேம்மா."

"ஆத்தப் பாத்தா அடங்கிடுவார் சார்" என்றாள். பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி அவ்வளவு பெருமை அந்தக் குரலில்.

"நல்லது, நல்லது" என்று அவர் போய்விட்டார். அவரும் தூரத்திலிருந்து முதுகைத்தான் பார்த்திருந்தார்.

வெயில் தண்ணீரைவிட்டு ஏறிப் பாலத்துக்குமேல் போனது. கையிலிருந்த நூல் தீர்ந்தது. ஊசியைக் கோட்டின் மடிப்பில் குத்தி வைத்துவிட்டு, இடுப்பை நிமிர்த்திக்கொண்டு, "ரைட், போலாமா?" என்றாள்.

பதில் இல்லை.

திரும்பினாள்.

ஒரு பக்க வாய் கோணிக் கீழே இறங்கியிருந்தது. எச்சில் வழிந்து சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்து, அதில் பாதி காய்ந்தும் போயிருந்தது. பேண்ட் ஈரம். சுவர்மேல் இருந்த கை நழுவி மடியில் விழுந்து, அவருடையது இல்லாத மாதிரிக் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாயில் ஏதோ காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. பட்டன் டப்பா உருண்டு பட்டனெல்லாம் பாதையில் சிதறியது. யாரோ ஓடி வந்தார்கள், யாரோ ஆட்டோவை மறித்தார்கள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுப் பெண். டிரைவரின் முகத்தைப் பார்த்ததுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்து இத்தனை மணி நேரத்துக்குள் போட்டால்தான் உண்டு.

"கடைசியா எப்பம்மா நல்லா இருந்தார்? பேசினது எப்ப?"

"கால் மரத்துப் போச்சுன்னார்."

"எப்ப?"

"ரெண்டாவது கோட்டு. மேல்வரிசை."

டாக்டர் புரியாமல் விழித்தாள். அதற்குள் வந்து சேர்ந்திருந்த கொழுந்தன், "அண்ணி, மணி கேக்கறாங்க" என்றான்.

"மணி பாக்கலை தம்பி. ரெண்டாவது கோட்டு. அப்புறம் முழுசா மூணு, நாலு, அஞ்சு. ஆறாவதுல கீழ்வரிசை. ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும், போட்டுப் பாருங்க." அவளே போட்டுப் பார்த்தாள். விரலை மடக்கி மடக்கி. கணக்கு முடிந்ததும் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கொழுந்தன் அவளை ஓரமாக இழுத்தான். "இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. ஊசியைப் போட்டுடுவாங்க."

டாக்டருக்குக் கேட்டுவிட்டது. கோபப்படவில்லை. "நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும் சார். இங்கேயே போயிடுவார். அம்மா, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? முகம் கோணினதைப் பாக்கலையா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற கேள்வி. ஆனால் அந்தப் பெண் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் இன்னும் வலித்தது.

"சத்தம் இல்லைம்மா" என்றாள் தையல்காரி. "சத்தம் இல்லைன்னு சந்தோஷமா இருந்தேன்."

உயிர் தங்கியது. வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. வீட்டுக்குத் தூக்கி வந்த அன்று வீட்டுக்காரரே வெளியே வந்து ஒரு கை பிடித்தார். மறுநாள் அவர் சம்சாரம் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தாள். "சாமானைக் கீழ வைக்கறேன்னு என்னமோ கோவத்துல சொல்லிட்டார், மனசுல வெச்சுக்காதீங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. இப்பத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே." குழந்தை மத்தியானம் முழுக்கத் தூங்குகிறதாம். சலூன்காரர் வந்தார், "ஒரு விதத்துல பாத்தா உங்களுக்கும் நிம்மதிதானே அக்கா" என்றார். நல்ல மனசோடு சொன்னது, அதனால் திட்டவும் முடியவில்லை. எதற்காக அவள் அத்தனை நாள் மல்லுக்கட்டினாளோ அதெல்லாம் கேட்காமலே கைக்கு வந்துவிட்டது. வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, புருஷன் வீட்டிலேயே இருக்கிறார்.

ஆனால் அவளால் தைக்க முடியவில்லை.

மெஷினில் உட்கார்ந்து நாலு தையல் போடுவாள். வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதி பிடரியில் கை வைக்கும். திரும்பிப் பார்ப்பாள், மூச்சு இருக்கும். மறுபடி நாலு தையல், மறுபடி திரும்புவாள். மெஷினைத் திருப்பி அவருக்கு எதிரே போட்டாள். அப்போதும் கண் எங்கே நிற்கும்? ஊசியிலா, முகத்திலா? கோடு பாம்பு மாதிரி வளைந்தது. விரலில் குத்தி வெள்ளைக் கோட்டில் ரத்தம் பட்டது. ஹோட்டல்காரர்கள் பார்சலைப் பிரித்த அன்றே திருப்பி அனுப்பினார்கள். நல்ல கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, "எதாவதுன்னா தட்டுங்க, என்ன?" என்று கெஞ்சினாள். விரல் பிரிந்து கரண்டி கீழே விழுந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

ஒரு நாள் தாங்கமாட்டாமல் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "ஒரு தடவை திட்டுங்களேன். குறுக்க வந்துட்டேன். இதோ நடுரோட்டுல நிக்கறேன். வாய்க்கு வந்தபடி திட்டுங்க, வாங்கிக்கறேன்." அவர் அவளைப் பார்த்தார். பார்வையில் ஆள் இருந்தது என்றுதான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். இடது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது அழுகையா, சும்மா வழிவதா என்று யார் கண்டது.

அதற்கும் அடுத்த வாரம், ஒரு பேண்ட்டைச் சீக்கிரம் கொடுத்தாக வேண்டியிருந்தது. மெஷினை வேகமாக விட்டாள். கொஞ்ச நேரம்தான், ஒரு காலின் நீளத் தையல். அந்த நேரத்தில் காலையில் கொடுத்த கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பி வாங்க வந்த வீட்டுக்காரர் சம்சாரம் வாசலிலேயே, "ஐயோ, என்ன இவர் முகம்" என்றாள். வாயில் ஊறியதே தொண்டையை அடைத்து, இருமக்கூடத் தெம்பில்லாமல், முகம் கருநீலமாகிக்கொண்டிருந்தது. குப்புறச் சாய்த்து முதுகில் தட்டி எடுத்தார்கள். பிழைத்தார். அந்த அம்மாள் வராமல் இருந்திருந்தால், இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் தையலை முடித்துவிட்டு, நூலையும் கடித்துத் துப்பியிருப்பாள்.

சாயங்காலம் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த இல்லத்துல இடம் இருக்கா?"

"அண்ணி, நிஜமாவா கேக்கறீங்க? அத்தனை கத்து கத்தினப்ப வெச்சுக்கிட்டீங்க. கொளுத்துங்கன்னீங்க. இப்ப வாயில்லாத ஜீவனா கிடக்கறப்ப அனுப்பறேங்கறீங்க."

"கத்தினா எனக்குத் தெரியும் தம்பி. தையலும் பாத்துக்கிட்டு அவரையும் பாத்துக்க முடிஞ்சது. இப்பத் தெரியமாட்டேங்குது. என்னால ரெண்டு பக்கம் பாக்க முடியலை. என் கையாலேயே போயிடுவார்."

தெருவில் பேசினார்கள். பேசத்தானே செய்வார்கள். சத்தம் போட்ட ஆளையே சுமந்தவள், சத்தம் நின்றதும் கழட்டிவிட்டாளே, மனசு எப்படித்தான் வந்ததோ என்றார்கள்.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது, கொழுந்தன் பொய் சொல்லவில்லை. நீளமான கூடம், வரிசையாகக் கட்டில், பெரிய பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆறு, அதே பழுப்பு, அதே நிதானம். வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் மேஜைமேல் மலையாகக் குவிந்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை பழகிய கை. பார்த்தாலே தெரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க, ஜன்னலோரக் கட்டில் காலியாச்சு. இதுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. எப்பேர்ப்பட்ட ஆளும் ஆத்தப் பாத்துக்கிட்டே ஒரு வாரத்துல அடங்கிடுவாங்கம்மா."

"ஆத்துப் பக்கம் வேண்டாம்" என்றாள் தையல்காரி. "உங்க மேஜைகிட்ட, ஆள் நடமாடற இடமாப் பாத்துப் போட முடியுமா?"

"அங்கெல்லாம் ஆள் இருக்காங்களே."

கொழுந்தன் அவள் முழங்கையை லேசாகத் தொட்டான். ஆட்கள் டிரைவரைத் தூக்கி ஜன்னலோரம் படுக்கவைத்தார்கள். தலை தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் போர்வையை இழுத்து விட்டாள், வாயைத் துடைத்தாள், காதுக்குப் பக்கத்தில் குனிந்து 'ரைட்' என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு மேஜைக்கு வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் கூப்பிடமாட்டார். சத்தம் வரலைன்னு நல்லா இருக்கார்னு நினைச்சுடாதீங்க. அப்பப்ப போய் முகத்தைப் பாக்கணும். முகத்தைத்தான் பாக்கணும்."

"சரிம்மா, பாத்துக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

நல்ல குரலில்தான் சொன்னாள். ஆனால் தலையைத் தூக்கவில்லை. மடித்த துண்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.